‘எப்படி இருக்கீங்க?’ என்பதை எண்ணால் கேட்பது

என் சித்திக்குச் சுகர் வந்து பதினோரு வருடமாகிறது. அவருடைய ஃபைலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் எண்கள்: வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு, பிபி, கொழுப்பு, கிரியேட்டினின். போன தடவை எச்.பி.ஏ.1.சி, அதாவது மூன்று மாத சராசரி, 6.8 வந்தது. ஏழுக்குக் கீழே என்றால் பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல மார்க். டாக்டரும் மகிழ்ந்து பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தார். சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த 6.8க்காக இரண்டு வருடமாக அவர் எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. மொய் எழுதிவிட்டு, டப்பாவில் கொண்டுபோன சப்பாத்தியைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஃபைலில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

இதையும் அளக்க வழி இருக்கிறது. நாற்பது வருடமாக மருத்துவர்களும் உளவியலாளர்களும் இதற்கென்றே கேள்வித்தாள்களைச் செதுக்கி வந்திருக்கிறார்கள். ஐந்து கேள்வியில் முடிவதும் உண்டு, நாற்பது தாண்டுவதும் உண்டு. அவை எதைக் கேட்கின்றன, மதிப்பெண் எப்படி வருகிறது, எங்கே ஏமாறுகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மனநிலையை எண்ணாக்குவதா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். வலியை எப்படி அளக்கிறோம்? எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், வலியைக் காட்டாது. ‘பத்துக்கு எவ்வளவு வலிக்குது?’ என்று நோயாளியைத்தான் கேட்கிறோம். அதுபோலத்தான் இதுவும். சம்பந்தப்பட்ட ஆளைத் தவிர வேறு யாரிடமும் விடை இல்லாத கேள்வி. ஒரே கேள்வியை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு, இன்று சொன்னதையும் ஆறு மாதம் கழித்துச் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால், அது அளவுகோல்.

ஊசி கூடினால் வாழ்க்கை குறையுமா?

இந்தத் துறைக்குச் சூடு பிடித்த இடங்களில் ஒன்று, 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டி.சி.சி.டி என்ற பெரிய ஆய்வு. முதல் வகை நீரிழிவு, அதாவது உடல் தானாக இன்சுலின் சுரக்காத வகை, உள்ள 1,441 பேர். பாதிப் பேருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஊசி. மீதிப் பேருக்குத் தீவிர சிகிச்சை: தினமும் மூன்று, நான்கு ஊசி அல்லது இன்சுலின் பம்ப், நாளுக்கு நான்கு முறையாவது விரலைக் குத்திப் பார்ப்பது. முடிவு பிரமாதம். விழித்திரைக் கோளாறு இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆளையே சாய்த்துவிடும் கடுமையான லோ சுகர், தீவிர சிகிச்சைக் குழுவில் சுமார் மூன்று மடங்கு.

ஆய்வைத் திட்டமிட்டவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பயம் இருந்தது. கண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, ஒரு மனிதனின் நாள் முழுவதையும் ஊசிக்கும் ஸ்ட்ரிப்புக்கும் எழுதிக் கொடுக்கச் சொன்னால், அவன் வாழ்க்கை என்னவாகும்? ஆகவே அந்த ஆய்வுக்கென்றே டி.கியூ.ஓ.எல் என்று ஒரு கேள்வித்தாளை உருவாக்கி 1988-ல் வெளியிட்டார்கள். சிகிச்சையில் திருப்தி, நோய் அன்றாடத்தில் ஏற்படுத்தும் பாதிப்பு, நோயைப் பற்றிய கவலை, வேலை, கல்யாணம், குழந்தை போன்றவற்றைப் பற்றிய கவலை என்று நான்கு பகுதி. பத்து வருட முடிவில் இரண்டு குழுவின் வாழ்க்கைத் தரத்திலும் வேறுபாடு தெரியவில்லை. பயந்தது நடக்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

1989 அக்டோபரில் இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் நகரில் ஐரோப்பிய நாடுகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. நீரிழிவு உள்ளவர்களுக்கு, ஆயுளின் நீளத்தில் மட்டுமல்ல, தரத்திலும் மற்றவர்களுக்கு நெருக்கமான வாழ்க்கை கிடைக்க வேண்டும் என்பது அதன் பொது இலக்குகளில் ஒன்று. ‘தரம்’ என்ற சொல் அரசாங்கத் தாளில் ஏறியபின், அதை அளந்து காட்டும் பொறுப்பும் கூடவே வந்து சேர்ந்தது.

ஒரே பெயரில் நான்கு சங்கதிகள்

இந்தத் துறையில் புதிதாக நுழைபவர் குழம்புவது இங்கேதான். நலவாழ்வு, வாழ்க்கைத் தரம், ஆரோக்கிய நிலை, மனச்சுமை எல்லாவற்றையும் ஒன்று என்று நினைத்துவிடுவோம். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பம் நிறைய உண்டு.

ஆரோக்கிய நிலை என்றால் உடம்பு என்னென்ன செய்ய அனுமதிக்கிறது என்பது. நடக்க முடிகிறதா, குளித்து உடுத்த முடிகிறதா, வலி இருக்கிறதா? எந்த நோய்க்கும் பயன்படும் இ.கியூ-5டி, எஸ்.எஃப்-36 போன்ற தாள்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கும். மூட்டுவலிக்காரரையும் சுகர்காரரையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கவும், மருந்துக்குச் செலவழிக்கும் பணம் தகுமா என்று அரசாங்கம் கணக்குப் போடவும் இவை உதவும். ஆனால் என் சித்தியிடம் கொடுத்தால் நல்ல மார்க் வாங்கிவிடுவார். அவருக்கு நடக்க முடியும், குளிக்க முடியும், வலியும் இல்லை. காரில் சாப்பிடும் சப்பாத்தி அந்தத் தாளுக்குத் தெரியாது.

நலவாழ்வு என்பது மனநிலை: உற்சாகம், அமைதி, தெம்பு.

வாழ்க்கைத் தரம் இவற்றைவிட விரிந்தது. நான் எப்படி வாழ ஆசைப்படுகிறேனோ, அதற்கும் இப்போது வாழ்வதற்கும் உள்ள தூரம் என்று சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் இதை வரையறுக்கும்போது, அவரவர் பண்பாட்டுக்குள், அவரவர் எதிர்பார்ப்பையும் கவலையையும் வைத்து, தன் நிலையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம் என்கிறது. 1990-களில் அந்த நிறுவனம் தன் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உலகின் 15 மையங்களில் ஒரே சமயத்தில் உருவாக்கியது. அவற்றில் ஒன்று அன்றைய மெட்ராஸ். மேல்நாட்டில் எழுதி முடித்துவிட்டு நம்மிடம் மொழிபெயர்க்கக் கொடுக்காமல், கேள்வி பிறக்கும்போதே இங்கிருந்தும் ஆட்கள் கூட இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான்காவது, நீரிழிவு தரும் மனச்சுமை. இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மனச்சோர்வு நோயோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். மனச்சோர்வு வந்தவருக்கு எதிலும் பிடிப்பு இருக்காது, காரணம் கேட்டால் பல சமயம் சொல்லத் தெரியாது. மனச்சுமைக்குக் காரணம் தெளிவாக இருக்கும்: இந்தச் சுகர். ஒரு லட்டு சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் குற்ற உணர்ச்சி. கால் மரத்தால் ‘எடுத்துடுவாங்களோ’ என்ற பயம். எவ்வளவு செய்தாலும் எண் இறங்கவில்லையே என்ற அலுப்பு. இதை அளக்க பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் வில்லியம் பொலான்ஸ்கியும் உடன் இருந்தவர்களும் 1995-ல் ‘பெய்ட்’ என்ற கேள்வித்தாளை வெளியிட்டார்கள். இப்போது வழக்கத்தில் உள்ள வடிவத்தில் 20 பிரச்சினைகள் இருக்கும். ஒவ்வொன்றும் எனக்குப் பிரச்சினையே இல்லை என்றால் 0, பெரிய பிரச்சினை என்றால் 4. கூட்டி 1.25-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு மதிப்பெண். இங்கே மார்க் கூடுவது கெட்டது. 40 தொட்டால் சுமை அதிகம், உட்கார்ந்து பேச வேண்டும் என்று பொருள்.

மனச்சோர்வும் மனச்சுமையும் வேறு என்பதற்கு ஒரு கணக்கு. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2013-ல் வெளியான ‘டான்-2’ ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தவர்கள் 13.8 சதவீதம். மனச்சுமை அதிகம் இருந்தவர்கள் 44.6 சதவீதம். அதாவது, மனநோய் என்று எதுவும் இல்லாமலேயே நோயோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போனவர்கள் ஏராளம். இவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதுவது விடையாகாது. அதே ஆய்வில், ‘இந்த நோய் உங்க வாழ்க்கையை எப்படி பாதிக்குது?’ என்று தங்கள் மருத்துவக் குழு கேட்டதாகச் சொன்னவர்கள் 23.7 சதவீதம்தான்.

ஐந்து கேள்வி, ஒரு பெருக்கல்

இருப்பதிலேயே எளிமையானது டபிள்யூ.எச்.ஓ-5. 1998-ல் வந்தது. கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்து ஐந்து விஷயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்: மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக, இறுக்கம் இல்லாமல் இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, தூங்கி எழுந்தபோது புத்துணர்ச்சி இருந்ததா, எனக்குப் பிடித்த விஷயங்கள் அன்றாடத்தில் இருந்தனவா. எப்போதும் என்றால் 5, ஒருபோதும் இல்லை என்றால் 0, நடுவில் மற்றவை.

ஒரு நோயின் பெயரும் இல்லை, ‘அழுகை வருகிறதா’ போன்ற கேள்வியும் இல்லை, கவனித்தீர்களா? ஐந்துமே நல்லதைப் பற்றிய கேள்விகள். மனநலம் என்றாலே முகம் சுளிக்கிற வீட்டில்கூட இதைக் கேட்கலாம்.

நான் சித்தியிடம் கேட்டேன். உற்சாகம் 3, அமைதி 3, சுறுசுறுப்பு 2, காலை எழும்போது 2, பிடித்த விஷயங்கள் 1. கூட்டினால் 11. நான்கால் பெருக்கினால் 44. அதிகபட்சம் 100. ஐம்பதும் அதற்குக் கீழும் வந்தால் நலவாழ்வு குறைவு, கூடுதலாக விசாரிக்க வேண்டும். 28-ம் அதற்குக் கீழும் வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர் முறையாகப் பார்க்க வேண்டும். ‘பார்க்க வேண்டும்’ என்றுதான் சொல்கிறேன். காய்ச்சல் மானி 101 காட்டினால் டைஃபாய்டு என்று முடிவுகட்டுவதில்லை அல்லவா? அடுத்த முறை கேட்கும்போது பத்து புள்ளி ஏறியோ இறங்கியோ இருந்தால், அது மெய்யான மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. நான்காவது கேள்வியைப் பாருங்கள். சுகர் கூடியிருப்பவர் இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். காலையில் எங்கே புத்துணர்ச்சி? அங்கே மார்க் குறைவது மனத்தால் அல்ல, சுகரால். தெம்பின்மையும் அப்படியே. மனச்சோர்வுக் கேள்வித்தாள்கள் பலவற்றில் களைப்பு, தூக்கம், பசி, எடை எல்லாம் வரும். சுகர்காரருக்கு அவை எல்லாமே நோயின் அறிகுறிகளும்கூட. பிரிட்டனின் உளவியலாளர் கிளேர் பிராட்லி நீரிழிவுக்காரர்களுக்கென்று ‘டபிள்யூ-பி.கியூ’ என்ற நலவாழ்வுத் தாளை உருவாக்கியபோது, மனச்சோர்வுப் பகுதியில் உடம்பு அறிகுறிகளை முடிந்தவரை ஒதுக்கி வைத்ததற்கு இதுதான் காரணம்.

பந்தியில் உட்காராததற்கு எத்தனை மார்க்?

என் மனதுக்குப் பிடித்த அளவுகோல் அதே பிராட்லியுடையது: ஏ.டி.டி.கியூ.ஓ.எல். பெயர் வாயில் நுழையாது, கேள்வி நேராக மனதில் நுழையும். ‘எனக்கு நீரிழிவு இல்லாமல் இருந்திருந்தால்…’ என்று ஒவ்வொரு கேள்வியும் தொடங்கும். என் ஓய்வு நேரம் எப்படி இருந்திருக்கும்? வேலை? பயணம்? குடும்ப வாழ்க்கை? தாம்பத்தியம்? இப்படி 19 துறைகள். மிக மிக நன்றாக இருந்திருக்கும் என்றால் −3, இப்போது போலத்தான் இருந்திருக்கும் என்றால் 0. மோசமாக இருந்திருக்கும் என்றால் +1. ஆமாம், அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சுகர் வந்த பிறகுதான் நடக்கவே ஆரம்பித்தேன் என்று பூங்காவில் பெருமையாகச் சொல்லும் ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதோடு நிற்பதில்லை. அந்தத் துறை உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று இன்னொரு கேள்வி, 0 முதல் 3 வரை. இரண்டையும் பெருக்க வேண்டும். வெளியூர்ப் பயணம் கெட்டுப்போயிருக்கலாம், −2. ஆனால் சித்திக்குப் பயணத்தில் ஆசையே கிடையாது, முக்கியத்துவம் 0. பெருக்கினால் 0. விரும்பியதைச் சாப்பிடும் சுதந்திரம்? −3. அது எவ்வளவு முக்கியம்? 3. பெருக்கினால் −9. இதைவிடக் கீழே போக முடியாது. தனக்குப் பொருந்தாத சில துறைகளை விட்டுவிடவும் இடம் உண்டு. மற்றவற்றின் சராசரிதான் அவருடைய மதிப்பெண்.

இந்தப் பெருக்கலில்தான் நுட்பம். எது நல்ல வாழ்க்கை என்பதைக் கேள்வித்தாள் எழுதியவர் முடிவு செய்யவில்லை, பதில் சொல்பவர் முடிவு செய்கிறார். பல நாடுகளில் இதைப் பயன்படுத்தியபோது திரும்பத் திரும்ப அடிமட்டத்தில் வந்த துறை எது தெரியுமா? அதே சாப்பாட்டுச் சுதந்திரம்தான். சித்தி தனியாள் இல்லை.

நம் ஊர் விஷயங்களும் வேண்டுமே. 2010-ல் இந்திய நீரிழிவு நோயாளிகளுக்கென்று ‘கியூ.ஓ.எல்.ஐ.டி’ என்ற தாள் வந்தது. 34 கேள்வி, 8 பகுதி. அதில் ஒரு பகுதி பணக்கவலைக்கு, இன்னொன்று உணவுத் திருப்திக்கு. சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் நாட்டில் எழுதிய தாளில் பணத்துக்கென்று ஒரு முழுப் பகுதி தேவைப்பட்டிருக்காது. ஸ்ட்ரிப் தீர்ந்துவிடும் என்று வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் விரலைக் குத்துபவருக்கு, அதுதான் முதல் கேள்வி.

கேட்கும் விதத்தில் கெடுவது

தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நம் கிளினிக்குகளில் அதை நிரப்பும் விதத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பெரியவர் உட்கார்ந்திருப்பார், மகன் பேனா பிடித்திருப்பான். ‘அப்பா, உற்சாகமா இருக்கீங்களா? ம், இருக்கார்’ என்று தானே டிக் போட்டுவிடுவான். மருமகள் பக்கத்தில் நிற்க, வீட்டில் ஆதரவு இருக்கிறதா என்று மாமியாரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? தனியாக நிரப்ப வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டார் அல்லாத ஒருவர், எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே வாசித்துக் காட்ட வேண்டும்.

இன்னொன்று நம் மரியாதை. ‘சிகிச்சை திருப்தியா?’ என்று டாக்டரின் அறைக்கு வெளியே கேட்டால் யார் குறை சொல்வார்? இது நமக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. சிகிச்சைத் திருப்தியைக் கேட்கும் டி.டி.எஸ்.கியூ என்ற தாளில், புது மருந்து தொடங்குவதற்கு முன்பே பலர் உச்ச மார்க் கொடுத்துவிட்டார்கள். மருந்து நன்றாக வேலை செய்தாலும் மார்க் ஏற இடமில்லை. கடைசியில், ‘முன்பு இருந்ததைவிட இப்போது எப்படி?’ என்று ஒப்பிட்டுக் கேட்கும் இன்னொரு வடிவத்தை உருவாக்க வேண்டியிருந்தது.

சரி, இவ்வளவும் கேட்டு என்ன பயன்? நெதர்லாந்தில் நடந்து 2001-ல் வெளியான ஒரு ஆய்வு இதைத்தான் சோதித்தது. 461 நீரிழிவு நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நலவாழ்வுத் தாளைக் கணினியில் நிரப்புவார்கள், நீரிழிவு நர்ஸ் அந்த மதிப்பெண்ணை எதிரில் வைத்து அவர்களோடு பேசுவார். அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கேட்கப்பட்டவர்களின் மனநிலை மேலாக இருந்தது. எச்.பி.ஏ.1.சி-யில் வேறுபாடு இல்லை. சிலர் இதைத் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுகர் இறங்கினால்தான் மனம் லேசானது கணக்கில் சேரும் என்று யார் சொன்னது?

இரண்டும் சேர்ந்து மாறிய கதையும் உண்டு, அதுவும் இங்கேயே. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் கிளினிக்குகளில் நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் நடந்த ‘இண்டிபென்டன்ட்’ ஆய்வு 2020-ல் வெளியானது. மனநிலையையும் சுகர், பிபி, கொழுப்பையும் ஒரே குழு சேர்த்துக் கவனித்து, மருத்துவரோடு கலந்து சிகிச்சையை மாற்றிக்கொண்டே வந்தது. இரண்டு வருட முடிவில் இரு பக்கமும் வழக்கமான சிகிச்சையைவிட முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. அங்கே கேள்வித்தாளின் மதிப்பெண்ணுக்குப் பின்னால் அதைப் பார்த்துச் செயல்பட ஆள் இருந்தார். நிரப்பி வாங்கி ஃபைலில் சொருகிவிட்டால் எந்தத் தாளும் எதையும் செய்யாது.

சித்தியின் 44-ஐ ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து வரியாக எழுதி, லேப் ரிப்போர்ட்டுக்கு மேலே பின் அடித்துக் கொடுத்தேன். ‘இதெல்லாம் எதுக்குடா டாக்டருக்கு?’ என்று காரில் முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் கூட்டுத்தொகையைப் பார்க்கவில்லை. கடைசி வரியில் இருந்த 1-ஐப் பார்த்தார். ‘இது ஏன் ஒண்ணு?’ என்றார். சித்தி ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம் சப்பாத்தி டப்பாவைப் பற்றிச் சொன்னார்.

கொஞ்சம் சாதம், நிறைய கூட்டு, பொரியல், பாயசம் வேண்டாம், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்கள் என்றார் டாக்டர். மாத்திரையை மாற்றவில்லை. அடுத்த மாதம் உறவில் ஒரு வளைகாப்பு இருக்கிறது. பந்தியில் உட்காருவதா வேண்டாமா என்று சித்தி இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் சாப்பாடு யார் சமையல் என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டார்.